டோக்கன் கொடுத்தவன் நான்தான்

பாப்பா,

நேரில் சொன்னால் "சரிப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாய். இரண்டு மாதமாக இந்த வீட்டில் நீ பேசுவது அந்த ஒரு சொல்தான். மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்றால் சரிப்பா. கல்யாணப் புடவை நீலத்தில் எடுக்கலாமா என்றால் சரிப்பா. போன வாரம் உன்னைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே, கல்யாணத்துக்கு என் பழைய மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சரிப்பாதான். பழைய பாப்பாவாக இருந்தால் அந்த ஸ்வெட்டரை அப்போதே அடுப்பில் போட்டிருப்பாள். வாய் ஓயாத பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ நடுவில் எழுந்து போக முடியாது.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டன்மேட்டிலிருந்து மாப்பிள்ளைத் தம்பி உனக்குப் போன் செய்வார். ஒரு கேள்வி கேட்பார். நீ சொல்லும் பதிலைப் பொறுத்து இந்தக் கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இந்த நிலைமையைக் கொண்டுவந்தவன் நான். எப்படிக் கொண்டுவந்தேன் என்று முதலிலிருந்து சொல்லாவிட்டால் உனக்கும் விளங்காது, எனக்கும் மனசு ஆறாது. உனக்கு எழுதுகிற கடிதம்தான் என்றாலும் இதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் காட்டு. உன் கூட்டாளிகள் ஆறு பேரையும் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டு. நாலு பேர் பார்க்கச் செய்த தப்பை நாலு பேர் பார்க்கவே ஒப்புக்கொள்கிறேன்.

உனக்கு இந்தக் குசும்பு எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள், என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குத் தெரிந்து அது நான் தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையில் வந்தது. உனக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விடுமுறை என்று உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். நான் ஃபீல்டு ஆபீசர் கூப்பிட்டாரென்று வெளியே போய்த் திரும்புவதற்குள் நீ மரப்பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டாய். காதில் என் பென்சில். "வரிசை, வரிசை. சாக்கைத் தரையில வைக்காத. ஏ மரியபுஷ்பம், இது கொழுந்தா, மாட்டுத் தீவனமா?" என் குரல், என் இருமல், வேட்டியை இடுப்பில் சரிசெய்யும் என் பழக்கம், ஒன்றையும் விடவில்லை. நாற்பது பெண்கள் கொழுந்துச் சாக்கோடு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உன் காதைத் திருகி, கொட்டகையிலிருந்து வீடு வரைக்கும் இழுத்து வந்தேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு, அரை மணி நேரம் சிரித்தேன். வெளியே வந்து, இனி இப்படிச் செய்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொன்னேன். சிரித்ததை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல் தப்பு அதுதான்.

நீ வளர்ந்து மூணாறில் டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு கதை கிடைக்கும். "இன்னிக்கு டவுன்ல சில பேரு என்ன செஞ்சாங்க தெரியுமாப்பா" என்று ஆரம்பிப்பாய். சில பேர் பஸ் ஸ்டாண்டில் நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியப்படியே சிலையாக நின்றுவிட்டார்களாம். ஒருத்தர் வாழைப்பழத்தை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி, ஒருத்தி செருப்பு வாரைக் குனிந்து மாட்டியபடி, இரண்டு நிமிஷம். ஒரு கண்டக்டர் பயந்துபோய் ஒருத்தரை டிக்கெட் மெஷினால் தட்டிப் பார்த்தாராம். இன்னொரு ஞாயிறு, சில பேர் வியூ பாயிண்டில் நின்று வெறும் மலையைக் காட்டி, "அந்தா, அந்தா" என்றார்களாம். கால் மணி நேரத்தில் மூன்று வேன் கூட்டம் அந்த மலையைப் போட்டோ எடுத்ததாம். வரையாடு இரண்டு நின்றதாகவும், ஒன்றுக்குக் கொம்பு வளைந்திருந்ததாகவும் ஒருவர் அடித்துச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வரும். இருந்தாலும் அப்பா இல்லையா, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "வேலை வெட்டி இல்லாத கழுதைங்க. பெத்தவங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்காங்க?" என்பேன். அம்மா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தச் சில பேர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். குக்கருக்கு வாஷர் வாங்கிவரச் சொல்லி அம்மா என்னை டவுனுக்கு அனுப்பினாள். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. பஜாரில் பேக்கரிக்கும் ஏலக்காய்க் கடைக்கும் நடுவில், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு ஷட்டர் இருக்கிறதல்லவா, அதன் முன்னால் ஒரு வரிசை. பதினைந்து பேர் இருப்பார்கள், குடையும் மழைக்கோட்டுமாக. நான் ரோட்டைக் கடந்தேன், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு அதெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. காலையில் பேர் கூப்பிட வரிசை, எடைக்கு வரிசை, கம்பளிக்கு வரிசை, ஆஸ்பத்திரி மருந்துக்கு வரிசை. வரிசையைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும். விசாரித்துக்கொண்டிருந்தால் நமக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்த யாரையாவது கேட்டுப் பார், அவரும் அப்படித்தான் நின்றிருப்பார்.

என் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண், இலவச அடுப்பு கொடுக்கிறார்கள் என்று தானே முடிவுசெய்து வீட்டுக்குப் போன் போட்டு ரேஷன் கார்டைக் கொண்டுவரச் சொன்னாள். கோழிக்கோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் படகு டிக்கெட் என்றது. மதுக்கடையை இங்கே மாற்றிவிட்டார்கள் என்று நினைத்த இரண்டு பேர், ஒரு வார்த்தை பேசாமல், வரிசையிலேயே மிக ஒழுங்காக நின்றார்கள். நான் என்ன நினைத்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் என் கூத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

வரிசை வளைந்தது. எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷமாக மனுஷர்களை நேராக நிறுத்திய கண்ணுக்கு அது உறுத்தியது. "ஒண்ணு பின்னால ஒண்ணு நில்லுங்க. கடை வாசல மறைக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். யாரும் மறுக்கவில்லை. சொல்கிற தோரணையைப் பார்த்து நான்தான் பொறுப்பில் இருப்பவன் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் எனக்கே அப்படித்தான் தோன்றியது. பெண்களுக்குத் தனி வரிசை போட்டேன். ஷட்டரை ஒட்டி மழைக்கோட்டுத் தொப்பியோடு முதுகைக் காட்டி நின்ற முதல் ஏழு பேரை அப்படியே விட்டு, அவர்களுக்குப் பின்னால் வயசானவர்களை நிறுத்தினேன். ஜேபியிலிருந்த கொழுந்து நோட்டைக் கிழித்து, ஒன்று இரண்டு என்று நம்பர் எழுதி டோக்கன் கொடுத்தேன். நம் வேதக்கோயில் உபதேசியார் வந்து, குடையை முன்னமே வைத்துவிட்டுப் போயிருந்ததாகச் சொல்லி நடுவில் நுழையப் பார்த்தார். "குடைக்கெல்லாம் டோக்கன் கெடையாது, பின்னால போங்க" என்று ஊர் கேட்கச் சொன்னேன். அவர் ஐம்பத்தெட்டாம் நம்பரோடு பேக்கரி தாண்டிப் போய் நின்றார். அந்தக் கோபம் இன்றும் அவருக்கு இருக்கிறது. என்னைக் கண்டால் காணிக்கைப் பையை இரண்டு தடவை நீட்டுகிறார்.

அப்போது டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார். இது என்ன வரிசை, எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார். அறுபத்து நாலு பேர் நின்ற அந்த இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பதில் தெரியாது. ஆனால் கையில் டோக்கன் நோட்டை வைத்துக்கொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது? "ஆபீசர் வரும் சார். நாலு மணிக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வண்டிகளை ஒதுக்கி நமக்கு வழி செய்து கொடுத்தார். அந்த ஆபீசரை நானே உண்டாக்கினேன், நேரத்தையும் நானே குறித்தேன். ஒரு நிமிஷத்தில் நானே அதை நம்பியும்விட்டேன். நாலு மணி நெருங்க நெருங்க நானே ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன்.

சரியாக நாலு மணிக்கு வரிசையின் முதல் ஏழு பேர் திரும்பினார்கள். கும்பிட்டார்கள். "இவ்வளவு நேரம் பொறுமையா நின்னதுக்கு ரொம்ப நன்றிங்க. இந்த வரிசை எதுக்கும் இல்ல. சும்மா ஒரு வெளையாட்டு" என்று சொல்லி, எல்லோருக்கும் ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள்.  முதலில் அடுப்புக்கு நின்ற பெண் சிரித்தாள், கோழிக்கோட்டுக் குடும்பம் கைதட்டியது, பஜாரே சிரித்தது. மதுக்கடைக்கு நின்றவர்கள் மட்டும் காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். சொன்ன பெண் மழைக்கோட்டுத் தொப்பியைத் தள்ளினாள். நீ. சிரித்த வாயோடு என்னைப் பார்த்தாய். "அப்பா, நீங்க எப்ப வந்தீங்க?" என்றாய். என் கையில் அறுபத்தைந்தாம் நம்பர் டோக்கன் இருந்தது.

"ஏட்டி, வீட்டுக்கு நட" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் உன் பக்கம் திரும்பவில்லை. நீ இரண்டு தடவை பேச வந்தாய், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். ஏமாந்ததற்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய். ஏமாந்தது பெரிதில்லை பாப்பா. எஸ்டேட் ஆட்களுக்கு வீட்டுமனைக்கு அபேட்சை மனு வாங்குகிறார்கள் என்று நினைத்துத்தான் நான் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். அதற்கப்புறம் இந்த லயத்து வீட்டைக் கம்பனிக்கு விட்டுவிட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மனசுக்குள் முழுசாக ஒரு வீடு கட்டிவிட்டேன். இரண்டு அறை, உள்ளேயே கக்கூஸ், அம்மாவுக்கு உயரம் சரியாக ஒரு அடுப்பு மேடை, நீ கல்யாணம் ஆகி வந்தால் படுக்க ஒரு கட்டில். ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ தொப்பியைத் தள்ளினாய். இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சம். கோபம் காட்டுவது சுலபமாக இருந்தது. உன் மேல் குற்றமில்லை. அங்கே வீடு தருகிறார்கள் என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சும்மாதான் நிற்கிறோம் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் சட்டமாமே, உங்களுக்காக வீடியோ எடுத்த பிரவீண் பிறகு சொன்னான். உங்கள் ஏழு பேரில் ஒருத்தரும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான் ஒருவன்தான்.

பேக்கரி மாடியிலிருந்து பிரவீண் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நீங்கள் ஏழு பேரும் அதில் கடைசியில் கொஞ்ச நேரம் வருகிறீர்கள். மீதி முழுக்க நான். "குடைக்கெல்லாம் டோக்கன் கெடையாது" என்பதைக் குழந்தைகள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். கொட்டகையில் மரியபுஷ்பம் சாக்கை இறக்கிவிட்டு, "சார், எனக்கு இன்னிக்கு டோக்கன் குடுக்கலியே" என்பாள். பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து மூணாறு வரைக்கும் என் பெயர் டோக்கன் என்று ஆகிவிட்டது. இருபது நாள் நான் டவுன் பக்கமே போகவில்லை. குக்கர் வாஷர் இன்னும் வாங்கவில்லை, அம்மா சட்டியில்தான் பருப்பு வேகவைக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் அவர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பெரிய அத்தை, மாப்பிள்ளை. நல்ல மனுஷர்கள், ஏலக்காய்த் தோட்டம், அதிர்ந்து பேசாத குடும்பம். பெரியவர் பேச்சோடு பேச்சாகப் போனை எடுத்து, "அண்ணாச்சி, இது நீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். வீடியோவில் நான் மெரூன் ஸ்வெட்டரில் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நேரிலும் அதே மெரூன் ஸ்வெட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "நான் இல்லீங்க" என்றேன். "இந்த ஸ்வெட்டரு கம்பனியில எல்லாருக்கும் குடுத்தது." அதோடு வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "கடைசியில வர்ற இந்தப் புள்ள யாரு? என்ன சிரிப்பு சிரிக்குது" என்றார். அவர் குற்றமாகக் கேட்டாரா, பிரியமாகக் கேட்டாரா என்றுகூட நான் யோசிக்கவில்லை. "யாரோ தெரியலீங்க. வீட்டுல அடக்க ஆளில்லாத பிள்ளைங்க" என்றேன். "எங்களுக்கு அமைதியான பொண்ணா இருந்தாப் போதும்" என்றார் அத்தை. "எங்க பாப்பா இருக்கற எடமே தெரியாதுங்க" என்றேன்.

அப்போது நீ டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். புடவை, பூ, குனிந்த தலை. அவர்களுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளையை எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டேன், நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாய். தட்டைக் கீழே போட்டிருக்கலாம், சிரித்திருக்கலாம், அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "டீ எடுத்துக்கோங்க" என்றாய். நான் சொன்ன பொய்க்கு ஏற்றபடி அந்த நிமிஷத்திலிருந்து இருக்கிற இடம் தெரியாமல் ஆகிவிட்டாய். வீடியோவை நீக்கிவிடும்படி பிரவீணிடம் சொல்லிவிட்டாய். உன் கூட்டாளி ரோஸ்லின் இந்தப் பக்கம் வருவதில்லை. ஞாயிறு ராத்திரி மீன் குழம்பு இருக்கிறது, கதை இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "அது நீங்க இல்லேன்னா இத்தன வருஷமா நான் யாருகூடக் குடும்பம் நடத்துறேன்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "உங்கள இல்லன்னு சொன்னீங்க, அது உங்க பாடு. அவள எதுக்கு இல்லன்னு சொன்னீங்க?" என்றாள். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்று என்னவோ சொல்லி மழுப்பினேன். அவள் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பதற்குப் பதில் திட்டினால் தேவலாம் என்பது உனக்கும் தெரியும்.

பிறகு கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், அந்தக் கடைசி வரி வரும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். முதல் ஓலையில் உன் பெயர் வந்தபோது செருப்பைத் தேடவில்லை. போன ஞாயிறு இரண்டாவது ஓலை. "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று சாமியார் வாசித்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. சும்மா இருமல் இல்லை, நிற்காத இருமல். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமியார் ஓலையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நீயும் பார்த்தாய். நான் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்று காட்டினேன். ஒன்றுமில்லாமல் என்ன? அந்தப் பிள்ளை யார் என்று தெரியாத ஒரு குடும்பத்துக்கு அதே பிள்ளையைக் கட்டிக்கொடுக்கப் போகிறேன். வாழ்நாள் முழுக்க நீ அங்கே இன்னொருத்தியாக நடிக்க வேண்டும், இடையில் ஓய்வே இல்லாமல். பஸ் ஸ்டாண்டில்கூட இரண்டு நிமிஷம்தான் சிலையாக நின்றாய்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வண்டன்மேட்டுக்குப் போனேன். உன்னிடம் எலக்‌ட்ரீஷியனைப் பார்க்கப் போகிறேன் என்றேனே, அதுவும் பொய்தான், அதையும் சேர்த்து மன்னித்துவிடு. பெரியவர் ஏலக்காய் காயப்போடும் ஸ்டோரில் இருந்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அந்த வீடியோவைப் போடச் சொன்னேன். "இது நான்" என்று காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. போட்டிருந்த ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டே இல்லன்னீக. மனுசன் கூச்சப்படுறாருன்னு விட்டுட்டோம்." வீடியோவை ஓடவிடச் சொல்லி, கடைசியில் நீ தொப்பியைத் தள்ளுகிற இடத்தில் விரலை வைத்தேன். "இது என் மக" என்றேன். "உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இருக்கற எடமே தெரியாதுன்னு சொன்னீகளே" என்றார். "சொன்னேங்க. பொய்" என்றேன். பெரியவர் வெகுநேரம் ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "வெளையாட்டெல்லாம் சரி. ஆனா எங்க வீட்டுப் பொண்ணு ரோட்டுல நின்னு இதெல்லாம் செஞ்சா நல்லாருக்குமா? கல்யாணத்துக்கு அப்புறம் செய்யாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, போதும். இதோட விட்டுருவோம்" என்றார். பாப்பா, அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு வார்த்தை. மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது, கறி வாசனை வந்தது. "அவளக் கேக்காம இனி ஒரு வார்த்தையும் நான் சொல்ல மாட்டேங்க. அவளுக்கு வாய் இருக்கு, அவளக் கேளுங்க" என்று எழுந்துவிட்டேன். அப்படியானால் தம்பியே அவளிடம் பேசட்டும், நாளைக்கு ஆறு மணிக்கு, அப்புறம் பார்க்கலாம் என்றார் பெரியவர். சாப்பிடச் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை. கறியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன் என்றால் எவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறேன் என்று நீயே புரிந்துகொள்.

மாப்பிள்ளைத் தம்பிதான் பைக்கில் பஸ் ஸ்டாப்பில் விட்டார். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை, வழியிலும் பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இறங்கியதும் கேட்டார், "மாமா, அந்த அறுபத்து நாலு பேருல ஒருத்தர்கூடவா எதுக்கு நிக்கிறோம்னு கேக்கல?" இல்லை தம்பி என்றேன். "நீங்க?" நானும் கேட்கவில்லை என்றேன். அவர் ஸ்டாண்டைப் போட்டு, பைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதை வைத்து அவர் உன் பக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சிரிப்பது வேறு, தன் அப்பாவுக்கு எதிரில் நின்று பேசுவது வேறு. அதில் எனக்கு அனுபவமே கிடையாது, அதனால் அவரைப் பற்றி ஒன்றும் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆறு மணிக்கு அவர் கேட்பார், கல்யாணத்துக்குப் பிறகும் இதெல்லாம் செய்வாயா என்று. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. இதெல்லாம் போதும், சலித்துவிட்டது என்று உனக்கே தோன்றினால் அதைச் சொல், அதுவும் நல்ல பதில்தான். வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலத்தின் நடுவில் போய்ச் சிலையாக நிற்பேன் என்று தோன்றினால் அதைச் சொல். சரி என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர்களுக்குப் பயந்தோ, எனக்குப் பாவம் பார்த்தோ, பத்திரிகை அடித்தாயிற்றே என்றோ பதில் சொல்லாதே. பத்திரிகை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நான் திரும்பப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அலைச்சல் எனக்குப் புதிதில்லை.

வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. உன் பெயரை வாசிக்கலாம், வாசிக்காமலும் போகலாம். வாசிக்காவிட்டால் கோயில் முழுக்க உன்னைத் திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு நான் ஆண்கள் பக்கம் உட்காரப் போவதில்லை. பெண்கள் பக்கம் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். உபதேசியார் ஓடிவருவார், இது பெண்கள் பக்கம், எழுந்திருங்கள், இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார். அவர் கேட்கட்டும் என்றுதான் காத்திருக்கிறேன். "இவ என் மக" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா